எண்பத்தொரு டிகிரிச் சந்தனம்

வெப்பக் கேமரா பொருள்களுக்குள் ஊடுருவிப் பார்க்கும் என்றொரு நம்பிக்கை நாட்டில் நிலவுகிறது. படித்தவர்களிடம் அது சற்றுக் கூடுதலாகவே நிலவுகிறது. இந்தத் தவற்றைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது முறையாகாது.

அது உள்ளே பார்க்காது. சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டாது. மெல்லிய கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நிற்பவரைக்கூடக் காட்டாது. நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மனிதர் அதன் கண்ணுக்கு இல்லவே இல்லை. பொருளின் மேல்தோல் எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறதோ அதை வாங்கி, வண்ணம் பூசித் திரையில் காட்டும். அவ்வளவுதான் அதன் ஞானம். மற்றதெல்லாம் பார்ப்பவரின் ஊகம்.

இரண்டாவது நம்பிக்கை, குருவுக்கு வயது கூடுதலாகவும் சீடருக்குக் குறைவாகவும் இருக்கும் என்பது. இப்படி ஒரு விதியை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் சுடலைவடிவு. கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு பால் பதனிடும் ஆலையில் பொறியாளர். அங்குள்ள அறுபத்து மூன்று மோட்டார்களின் உடல்நலம் அந்தப் பெண்ணின் பொறுப்பு. ஓடும் மோட்டாரை வெப்பக் கேமராவால் பார்ப்பார். நிறுத்திய மோட்டாரில் மெக்கர் என்கிற கருவியை மாட்டி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் காப்பு கெட்டிருக்கிறதா என்று சோதிப்பார். எது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்வார். வேறு அதிகம் சொல்லமாட்டார்.

சீடர் இருதயராஜ். அதே ஆலையில் இருபத்தாறு வருடமாக எலக்ட்ரீஷியன். சித்திரை மாதம் ஒருநாள் தானாகவே வந்து, தன்னை வடிவு மேடத்தின் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் கேட்ட முதல் மாற்றல் அதுதான்.

"ஏன் அண்ணாச்சி?" என்றார் வடிவு.

"வெளிய நின்னுக்கிட்டே உள்ள என்ன நடக்குன்னு கண்டுபிடிக்கிற வேலைன்னு சொன்னாங்க மேடம்."

"யாரு சொன்னா?"

"கேண்டீன்ல."

"எதுக்குள்ள என்ன நடக்குன்னு தெரியணும் உங்களுக்கு?"

இருதயராஜ் தரையைப் பார்த்தார். தரை ஈரமாக இருந்தது. பால் ஆலையில் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்; பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

"மோட்டாருக்குள்ளதான்," என்றார்.

வடிவு கேமராவை அவர் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சீடர் வேகமாக வந்தார்.

"மேடம், ஆறாம் நம்பர் பால் டாங்க்ல ஒரு இடம் மட்டும் சூடா இருக்கு. சுத்தி எல்லாம் இருபத்தெட்டு. அந்த இடம் முப்பத்து மூணு."

"எந்த இடம்?"

"நெஞ்சு உசரத்துல. ஒரு ஆள் நிக்கிற மாதிரியே இருக்கு."

குரு போய்ப் பார்த்தார். டாங்க் எவர்சில்வர். முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். வேலைக்கு வருகிற பெண்கள் சீவிக்கொள்வதும் உண்டு.

"ரெண்டு எட்டு இடது பக்கம் வாங்க."

இருதயராஜ் வந்தார். சூடான இடமும் வந்தது.

"கையைத் தூக்குங்க."

டாங்க்கில் இருந்தவரும் கையைத் தூக்கினார்.

தரை கழுவிக்கொண்டிருந்த செல்லத்தாய் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "டாங்குக்குள்ள எப்ப இறங்குனீங்க அண்ணாச்சி? பாலு திரிஞ்சிரப் போவுது."

"எவர்சில்வர் தன் சூட்டைச் சொல்லாது," என்றார் வடிவு. "முன்னால நிக்கிறவங்க சூட்டைத் திருப்பிச் சொல்லும்."

இருதயராஜ் அதைச் சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்வதால் ஒன்று மனத்தில் தங்கிவிடும் என்று நினைப்பதும் பரவலான நம்பிக்கைதான். அதை இங்கே திருத்த இடமில்லை.

இன்னொரு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலை பாதி நிறுத்தத்தில் இருந்தபோது அவர் அறுபத்து மூன்று மோட்டார்களையும் படம் எடுத்துவிட்டார். எல்லாம் நலம் என்று அறிக்கை எழுதித் திங்கட்கிழமை காலை மேசையில் வைத்தார். ஒரே நாளில் அறுபத்து மூன்று. முகத்தில் பெருமை இருந்தது.

"பால் ஓடிச்சா?" என்றார் வடிவு.

"இல்ல மேடம். சும்மாதான் சுத்துச்சு."

"பாரம் இல்லாதப்ப எல்லா மோட்டாரும் நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி."

அறுபத்து மூன்று படங்களையும் குரு அழித்தார். சீடர் மறுபடி குறிப்பேட்டை எடுத்தார்.

இருதயராஜின் மனைவி ஜெசிந்தா குவைத்தில் நர்ஸ். ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் வேலை. போய் ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். போனதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாக முடிந்துவிட்டன. வீடு கட்டியாகிவிட்டது. மகள் படித்து முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காரணங்கள் தீர்ந்த பிறகும் பிரிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் போய் நிறுத்தாததால்.

தினமும் மாலை ஆறு நாற்பதுக்கு வீடியோ அழைப்பு வரும். அங்கே ஜெசிந்தாவுக்கு அது தேநீர் இடைவேளை. எட்டு நிமிடம்.

"சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க," என்பார் ஜெசிந்தா.

"வீட்டுலதான இருக்கேன்."

"ஆலைக்கும் இதே சட்டைதான? காலர்ல எண்ணெய் இருக்கு. அப்ப காலையில இருந்தே திருப்பித்தான் போட்டிருக்கீங்க. ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"உன்னை மாதிரி யாரு பாக்கா?"

இந்த இடத்தில் திரையில் தேநீர்க் கோப்பை உயர்ந்து இறங்கும். பிறகு ஜெசிந்தா கேட்பார்: "சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"சாப்பிட்டேன்."

"நல்லா இருக்கியா ஜெசி?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"எனக்கென்ன."

எட்டு நிமிடம் முடிந்துவிடும். இருதயராஜ் அதன் பிறகுதான் உலை வைப்பார். சாப்பிட்டுவிட்டதாகச் சொன்ன சோறு அதற்கப்புறம்தான் வேகும்.

ஜெசிந்தாவின் ஸ்கூட்டி கொல்லைப்புறக் கூரையின் கீழ் நிற்கிறது. ஞாயிறு தோறும் பூசை முடிந்து வந்ததும் அதன் உறையைக் கழற்றி, கிளப்பி, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவார் இருதயராஜ். பேட்டரி இறங்காமல் இருப்பதற்கு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடம் ஆனதும் அணைத்துவிட்டு, சூடு ஆறும்வரை இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பார். ஆறவேண்டியதில்லை. உறை தாங்கும்.

இந்த வருடம் புரட்டாசியில் ஜெசிந்தாவுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்கு. ஒரு வியாழக்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.

"போட்டுரவா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"உன் இஷ்டம்."

"உங்க இஷ்டம் என்னன்னு கேக்கேன்."

"உனக்கு எது நல்லதோ அதைச் செய்யி. எனக்காகப் பாக்காத."

"சரி," என்றார் ஜெசிந்தா.

பிறகு அவர் அசையாமல் பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்து இருதயராஜ் போனை ஒருமுறை தட்டினார். நிற்கவில்லை.

ஆயுத பூஜைக்கு அந்த ஆலையில் எல்லா மோட்டாருக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். இருதயராஜ் வேதக்காரர், கிறிஸ்தவர். ஆனாலும் இருபத்தாறு வருடமாகச் சந்தனம் கரைக்கும் பொறுப்பு அவருடையதுதான். கட்டி தட்டாமல் கரைக்க அங்கே வேறு யாருக்கும் வராது. அந்த வருடமும் அவரே கரைத்தார். அவரே மூன்று விரலால் இழுத்தார். குங்குமத்தை மட்டும் செல்லத்தாய் வைத்தார்.

பூஜை முடிந்து ஐந்தாம் நாள், ஒரு திங்கட்கிழமை, பதினேழாம் நம்பர் பம்பின் முன்னால் அவர் கேமராவோடு நின்றார். பாலைப் பதனக் கூடத்துக்குத் தள்ளுகிற பம்பு அது. அடிக்கடி தண்ணீர் அடித்துக் கழுவவேண்டிய இடம் என்பதால் அதன் மோட்டாருக்கு உடம்பு முழுக்க எவர்சில்வர். பூஜை வாரத்தில் மட்டும் சந்தனத்தின் மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வார்கள்.

திரையில் மோட்டார் கருநீலமாக இருந்தது. முப்பத்தொன்பது டிகிரி. அந்தக் கருநீலத்தின் நடுவே மூன்று விரல் சந்தனம் மட்டும் வெள்ளையாகத் தகதகத்தது. எண்பத்தொன்று.

இருதயராஜ் வெகுநேரம் யோசித்தார். சந்தனம் குளிர்ச்சி, இது எல்லோருக்கும் தெரிந்தது. குளிர்ச்சியான பொருள் எண்பத்தொரு டிகிரி காட்டாது. ஆகவே இது சந்தனம் இல்லை. இந்தத் தர்க்கத்தில், தொடக்கத்தைத் தவிர, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"செல்லத்தாயி, அந்த மோட்டார்ல இருக்க சந்தனத்தைக் கழுவி விடு."

"ஏன் அண்ணாச்சி?"

"சூடாவுது."

"மோட்டாரா?"

"சந்தனம்."

செல்லத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"போலிச் சந்தனம்," என்றார் இருதயராஜ். "கடைக்காரன் கெமிக்கல் கலந்திருக்கான்."

"போன வாரம் பூசுனதும் நீங்க, இந்த வாரம் அழிக்கச் சொல்லுததும் நீங்க. சாமி கேட்டா யாரைக் கைகாட்ட?"

"என்னையக் காட்டு."

"உங்க சாமி கேட்டாலா, எங்க சாமி கேட்டாலா?"

"எந்தச் சாமி முதல்ல கேக்கோ அதுக்கு."

செல்லத்தாய் நீளக் கைப்பிடிப் பிரஷால் தேய்த்தார். குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். சந்தனம் மஞ்சள் கோடாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது. அரைமணி நேரம் கழித்து இருதயராஜ் மறுபடி படம் எடுத்தார். மோட்டார் முழுக்க ஒரே கருநீலம். முப்பத்தொன்பது. எங்கும் ஒரு வெள்ளைப் பொட்டு இல்லை.

அறிக்கை இப்படி இருந்தது. பழுது: சந்தனத்தில் அதிக வெப்பம். காரணம்: தரமற்ற சந்தனம். நடவடிக்கை: துடைக்கப்பட்டது. நிலை: சரி.

செவ்வாய்க்கிழமை காலை குரு அதைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"கடைக்காரரைக் கேட்டீங்களா அண்ணாச்சி?"

"நேத்து சாயங்காலமே போயிக் கேட்டுட்டேன் மேடம். இருவது வருசமா வாங்குற கடை. சண்டையாயிட்டு."

"வாங்க," என்று எழுந்தார் வடிவு.

பதினேழாம் நம்பர் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வடிவு கையுறை போட்டுக்கொண்டார். பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து, மோட்டாரின் மேல் ஒட்டி அழுத்தினார். சந்தனம் இருந்த இடத்தில் அல்ல. அதற்கு எதிர்ப்பக்கத்தில்.

"ஒரு நிமிசம் பொறுங்க."

பொறுத்தார்கள்.

"இப்பப் பாருங்க."

இருதயராஜ் கேமராவைத் தூக்கினார். கருநீல மோட்டாரின் மேல் டேப்புத் துண்டு மட்டும் வெள்ளையாக எரிந்தது. எண்பத்து நான்கு.

"டேப்பும் போலியா அண்ணாச்சி?"

அவர் கேமராவைத் தாழ்த்தினார்.

"தொடாமக் கையைப் பக்கத்துல கொண்டு போங்க. எங்க வேணும்னாலும்."

இருதயராஜ் உள்ளங்கையை மோட்டாருக்கு அருகே கொண்டு போனார். உடனே இழுத்துக்கொண்டார். வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கிருந்தும் இழுத்துக்கொண்டார்.

"எல்லா இடமும் எண்பத்தி நாலுதான்," என்றார் வடிவு. "சந்தனம் இருந்த இடம் மட்டும் அதை வெளிய சொல்லிச்சு."

"நான் அதைத் துடைச்சிட்டேன்."

"துடைச்சது செல்லத்தாயி. நீங்க சரின்னு எழுதினீங்க."

மாற்றுப் பம்பை ஓடவிட்டுப் பதினேழை நிறுத்தினார்கள். இருதயராஜ் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, கேபிளைக் கழற்றினார். வடிவு மெக்கரின் ஒரு கம்பியை மோட்டாரின் உள்ளே சுற்றிய கம்பியிலும் இன்னொன்றை உடம்பிலும் மாட்டி, பொத்தானை அழுத்தினார். முள் எழுந்தது. ஒரு நிமிடத்தில் நாற்பத்தெட்டு மெகா ஓமில் நின்றது.

"நாப்பத்தெட்டு. பரவால்லையே மேடம்," என்றார் இருதயராஜ். "ஓடும்."

"எழுதிக்கோங்க. பத்தாவது நிமிசத்துல இன்னொண்ணு எழுதணும்."

"பத்து நிமிசமா?"

"முதல் நிமிசத்துல எல்லாரும் நல்லவங்கதான் அண்ணாச்சி. கம்பிச்சுத்து நல்லா இருந்தா நேரம் ஆக ஆக முள்ளு ஏறும். ஈரம் இறங்கின சுத்துன்னா ஏறாது. அதே இடத்துல நிக்கும்."

பத்து நிமிடம் காத்திருப்பதற்கு அந்த இடத்தில் எந்த வசதியும் இல்லை. வடிவு கவிழ்த்துப்போட்ட பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்தார். இருதயராஜ் நின்றார். பொழுது போக்க வடிவு கேமராவை வாங்கி, அதில் சேர்ந்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இது பன்னெண்டு. இது கம்பிரசர். இது கன்வேயர்." நிறுத்தினார். "இது எந்த மோட்டார் அண்ணாச்சி?"

திரையில் ஒரு சின்னச் செவ்வகம் இருந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு திட்டு. முப்பத்தாறு டிகிரி.

இருதயராஜ் எட்டிப் பார்த்தார். காதோரம் சிவந்தது.

"அது போன் மேடம்."

"போனுக்கு என்ன?"

"பேட்டரி சூடாவுதான்னு பாத்தேன்."

"சாயங்காலம் ஆறு நாப்பத்தி மூணுக்கா?"

படத்தின் மூலையில் நேரம் பதிவாகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் மறந்திருந்தார்.

வடிவு அடுத்த படத்துக்குத் தள்ளினார். அதிலும் அதே செவ்வகம். அதற்கடுத்ததிலும்.

"நாலு நாளு. நாலு நாளும் ஆறு நாப்பத்தி மூணு."

"மேடம், கேமராவை வீட்டுக்குக் கொண்டு போனது தப்புதான்."

"அதைக் கேக்கல."

மெக்கரின் முள் நாற்பத்தெட்டிலேயே நின்றது. மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

"வீட்டுல குவைத்துல இருக்கா," என்றார் இருதயராஜ். "அந்த நேரத்துக்குத்தான் பேசுவா. நாளை மறுநாளு வியாழக்கிழமை. அதுக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். இன்னும் ரெண்டு வருசம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் இஷ்டம்னேன்."

"அவங்க இஷ்டம் என்ன?"

"அதைத்தான் மேடம் போன்ல பாத்தேன்."

வடிவு சிரிக்கவில்லை. "என்ன தெரிஞ்சுது?"

"பேட்டரி."

கொஞ்ச தூரத்தில் செல்லத்தாய் குழாயைத் திறந்து தரையில் தண்ணீர் அடிக்கத் தொடங்கினார். வடிவு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். செல்லத்தாய் நிறுத்திவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

"கல்யாணமான புதுசுல," என்றார் இருதயராஜ், "அவ வாசல்ல செருப்புக் கழட்டுற சத்தத்துலயே சொல்லிருவேன், இன்னைக்கு ஆஸ்பத்திரியில யாரோ செத்துட்டாங்கன்னு. இல்லன்னா யாருக்கோ பிள்ளை பொறந்திருக்குன்னு. இப்ப முகத்தையே பாக்கேன். தினமும் பாக்கேன். ஒண்ணும் தெரியல."

"லீவுல வந்தாங்களே?"

"வந்தா. நல்லாத்தான் இருந்தா. நாப்பது நாளும் சிரிப்புதான். வேளாங்கண்ணி போனோம், அவ அக்கா வீடு போனோம்…" நிறுத்தினார். "சும்மாதான் சுத்தினோம்."

அவர் குறிப்பேட்டை எடுக்கவில்லை.

முள் நாற்பத்தெட்டைத் தாண்டி ஒரு மயிரிழை நகர்ந்தது போலிருந்தது. ஏழு நிமிடம்.

"ஒரே ஒரு தடவை அழுதா," என்றார். "இந்த ஈஸ்டருக்கு. அடுப்புல ஆட்டுக்கறி வெச்சிருக்கேன்னு சொன்னேன். நான் கறி வெச்சா உப்புக் கூடத்தான் இருக்கும், அதுக்குக் கேலி பண்ணுவான்னு பாத்தேன். அழுதுட்டா. நிக்கவே இல்ல."

"நீங்க?"

"எனக்குப் பாக்க முடியல மேடம். அழுதா போனை வெச்சிருவேன்னு சொன்னேன். கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். உடனே துடைச்சுக்கிட்டா. சிரிச்சா. அதுக்கப்புறம் இன்னை வரைக்கும் ஒருநாள்கூட அழுததில்ல. அதோட சரியாயிட்டு. நல்லாத்தான்…"

மோட்டாரின் எவர்சில்வர் உடம்பு பளிச்சென்று இருந்தது. அதன் மேல் கறுப்பு டேப்புத் துண்டு ஒட்டியிருந்தது. இருதயராஜ் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"பத்து," என்றார் வடிவு. "எவ்வளவு?"

இருதயராஜ் முள்ளின் பக்கம் குனிந்தார். "நாப்பத்தொம்பது."

"ஏறல."

"ஏறல மேடம்."

"இன்னும் ரெண்டு நாளு ஓடியிருக்கும். அதுக்குமேல ஓடியிருக்காது. கழட்டிக் காய வைக்கணும்."

வடிவு மெக்கரை அணைத்தார். இருதயராஜ் கம்பியைக் கழற்றக் கையை நீட்டினார். வடிவு அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டார்.

"அணைச்சாலும் கரண்டு உள்ள நிக்கும் அண்ணாச்சி. இறக்கிட்டுத்தான் தொடணும்."

எர்த் கம்பியை எடுத்து மோட்டாரின் முனையில் வைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார் குரு. அதற்கும் கொஞ்சநேரம் ஆகும்.

"மேடம்," என்றார் சீடர். அவர் குரல் செல்லத்தாய்க்கு எட்டாத அளவு தணிந்திருந்தது. "இவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு, அவளுக்கு உள்ள என்ன இருக்குன்னு எப்படிப் பாக்கது?"

வடிவு எர்த் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. அங்கேருந்து அவங்க பாக்கும்போது, நீங்க எத்தனை டிகிரி காட்டுதீங்க?"

இருதயராஜ் கையிலிருந்த ஸ்பேனரைப் பால் கிரேட்டின் மேல் வைத்தார். கையைப் பேண்ட்டில் துடைத்தார். துடைத்ததே போதாதென்று மறுபடி துடைத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு, பால் லாரிகள் திரும்பும் வெட்டவெளிப் பக்கம் நடந்தார். அப்போது மணி பதினொன்றே கால். ஆறு நாற்பதுக்கு இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

"எங்க போறாரு?" என்றார் செல்லத்தாய்.

வடிவு கம்பியைப் பிடித்தபடியே நின்றார்.

ஐப்பசிக் கடைசியில், மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு நர்ஸுக்கு, மூன்று வருடமாகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவருக்கு, குவைத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. டயாலிசிஸ் பிரிவில் ஓரிடம் எதிர்பாராமல் காலியாகியிருப்பதாகவும், நவம்பர் முடிவதற்குள் வந்து சேர முடியுமா என்றும் அதில் கேட்டிருந்தார்கள்.